தொப்பி மாட்ட ஒரு சுவர்

மூணாறு ஹைரேஞ்ச் கிளப்பின் மதுக்கூடத்தில் முதலில் கண்ணில் படுவது பாட்டில்கள் அல்ல, சுவரில் வரிசையாகத் தொங்கும் பழைய தொப்பிகள். தேயிலைத் தோட்டங்களில் நெடுங்காலம் துரைகளாக இருந்தவர்களின் தொப்பிகள். வேட்டையாடிய மிருகங்களின் தலைகளும் கொம்புகளும் துணைக்கு இருக்கின்றன. 20ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் கூடிக் குடிக்கவும் விளையாடவும் உருவான கிளப் இது.

போடிமெட்டு வழியாக மலையேறி வரும் தமிழ்நாட்டுப் பயணிகளுக்கு இந்தச் சுவர் எட்டுவதில்லை. அவர்கள் கூடுவது நல்லதண்ணி எஸ்டேட்டிலுள்ள தேயிலை அருங்காட்சியகத்தில். 1905ம் ஆண்டின் தேயிலை உருட்டும் இயந்திரம், கன்னிமலை எஸ்டேட்டில் மின்சாரம் எடுக்க உதவிய பெல்டன் சக்கரம் ஆகியவற்றுடன் குண்டளை ரயிலின் இன்ஜின் சக்கரமும் இங்கே இருக்கிறது. 1902ல் ஒற்றைத் தண்டவாளத்தில் தொடங்கி, 1908ல் குறுகிய ரயில் பாதையாக மாறிய வண்டி அது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலையைச் சுமந்தது. அங்கிருந்து பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூருக்குப் போயின. 1924 வெள்ளம் ரயில் பாதையை அடித்துச் சென்றது. மூணாறு ரயில் நிலையம் பிறகு கம்பெனி அலுவலகமானது.

அருங்காட்சியகத்தில் தமிழ்நாட்டில் செய்த பொருள் ஒன்றும் உண்டு. 1913ம் ஆண்டின் சூரியக் கடிகாரம். நாசரேத்திலிருந்த தொழிற்பள்ளியில் செய்தது.

ஆனால் காடு வெட்டி, கொழுந்து கிள்ளிய தமிழர்களின் சொந்தச் சாமான்கள் எங்கே? கங்காணிகள் அழைத்து வந்த குடும்பங்கள் தலைமுறைகளாக இங்கேயே இருக்கின்றன. 1956ல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்த பிறகும் லயங்களில் பேச்சு தமிழ்தான். ஆனால் லயத்து வீடு கம்பெனிக்குச் சொந்தம். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் வேறு யாரும் தோட்ட வேலைக்குப் போகவில்லை என்றால், காலி செய்ய வேண்டியதுதான். தன் வீடே தனக்கு நிலையில்லாதவர் தாத்தாவின் கம்பளியையும் பாட்டியின் கூடையையும் எந்த மூலையில் பத்திரப்படுத்துவார்?

இருந்த கொஞ்சத்தையும் மலையே பறித்த கதையும் உண்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலை அருகே பெட்டிமுடியில் சரிந்த மண் லயங்களை மூடியது. 70 பேர் பலி. அவர்களில் பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு. குடும்பப் படங்கள், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள் என ஒரு வீடு தன்னைப் பற்றி வைத்திருக்கும் அத்தாட்சிகளும் அதே மண்ணுக்குள் போயின.

கிளப் தொப்பிகளைத் தூசி தட்டி வைக்க ஆள் இருக்கிறது. அதில் தவறில்லை, அதுவும் சரித்திரம்தான். ஆனால் மிச்சமிருக்கும் லயங்களின் தகரப் பெட்டிகளில் பழைய சம்பளச் சீட்டும், மங்கிய கல்யாணப் படமும் இன்னும் கிடைக்கலாம். கடைசித் தொழிலாளி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதற்குள் யாராவது கேட்டு வாங்கி, ஒரு சுவரில் மாட்ட வேண்டும்.