அறுமீனும் பனைமரமும்

என் வாரம் டயாலிசிஸ் கணக்கில்தான் ஓடுது. செவ்வாய், வியாழன், சனி மூணு நாளும் காலை ஏழு மணிக்கு அப்பாவைத் தாம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்க்கணும். மத்த நாள் மதுராந்தகம் பக்கத்தில் நம்ம நிலம். இதுக்காகவே சேலையூரில் வாடகைக்கு ஒரு வீடு எடுத்து இரண்டு வருஷம் ஆச்சு.

அப்பா கைக்கடிகாரம் கட்டாத மனுஷன். ராத்திரி தண்ணி திருப்ப அறுமீனைப் பார்த்துதான் நேரம் சொல்வார். கார்த்திகைக் கூட்டத்தை எங்க வீட்டில் அப்படித்தான் சொல்வோம். சேலையூர் மொட்டைமாடியில் முதல் நாள் அண்ணாந்து பார்த்துட்டு, "என்னடா, ஒண்ணையும் காணோம்" என்றார். அப்புறம் மாடிக்கே ஏறவில்லை.

தாம்பரத்தில் எதுவுமே தெரியாதுன்னு சொல்ல மாட்டேன். நிலா, வியாழன், சனி மூணுக்கும் ஜிஎஸ்டி ரோடு வெளிச்சம் ஒரு பொருட்டே இல்லை. சின்னத் தொலைநோக்கி இருந்தா வியாழனோட நாலு நிலாவையும் உங்க மாடியிலிருந்தே பார்க்கலாம். மங்கலான சமாச்சாரங்கள்தான் அடிபடும்: பால்வீதி, நெபுலா, வால்நட்சத்திரம். இந்தத் தொந்தரவு வேண்டாம்னுதானே 2.3 மீட்டர் தொலைநோக்கியை ஜவ்வாது மலையில், காவலூரில் வெச்சிருக்காங்க.

எனக்கு அந்த இருட்டு கரண்டால் கிடைச்சது. எங்க பக்கம் மும்முனை மின்சாரம் முறை வெச்சு வரும். இரவு முறைன்னா மோட்டார் போட எழுந்தே ஆகணும். எழுந்தது எழுந்தாச்சு, சும்மா வரப்பில் உட்காருவானேன்னு பழைய கேமரா ஒண்ணு வாங்கினேன். 50 மி.மீ. லென்ஸ், ஒரு முக்காலி, அவ்வளவுதான். ஆறு நொடிக்கு மேல் திறந்து வெச்சா பூமி சுத்துறதில் நட்சத்திரம் கோடா இழுத்துடும். அதனால் ஆறு ஆறு நொடியா நாற்பது படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கணும். நடுவில் மடையும் பார்த்துக்கணும். சேத்துக் கையோட லென்ஸைத் தொட்டு ஒரு தடவை நல்லா பட்டிருக்கேன்.

2024 அக்டோபர் 1, செவ்வாய்க்கிழமை. மறுநாள் மகாளய அமாவாசை, நல்ல இருட்டு. சுச்சின்ஷான்-அட்லஸ் வால்நட்சத்திரம் விடியலில் கிழக்கே தெரியும் நாட்கள். நாலு மணிக்கே உச்சி தாண்டியிருந்த அறுமீனை எடுத்து வெச்சேன். ஐந்து மணிக்குப் பனைமரத்தை ஒட்டி, சின்னப் புகை இழுத்த மாதிரி அது வந்தது. வெறுங்கண்ணுக்கே தெரிஞ்சது. இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணுன்னு எடுத்ததில் வானம் வெளுத்தே போச்சு.

பைக்கை முறுக்கினேன். பரனூர் தாண்டி, கிளாம்பாக்கம் நெரிசலில் மாட்டி, வீடு போய்ச் சேரும்போது ஏழே கால். அப்பா வேட்டி கட்டி, மருந்துப் பையை மடியில் வெச்சு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். முகமும் காலும் வீங்கியிருந்தது. ஒரு வார்த்தை பேசலை. ஆஸ்பத்திரியில் அரை மணி தாமதம். அதை அவர் நேரத்தில்தான் குறைச்சாங்க. என் மனைவி கேட்டது இன்னும் காதில் இருக்கு: "வாலைப் பார்க்கப் போய் ஆளை விட்டுடாதீங்க."

ஊசி ஏத்தி அரை மணி கழிச்சு அவரே, "மோட்டார் போட்டியா?" என்றார். போட்டேன் என்று சொல்லி கேமராவை நீட்டினேன். வால்நட்சத்திரத்தைப் பார்த்துட்டு, "ராஜாவுக்கு ஆகாதும்பாங்க" என்று தள்ளிவிட்டார். அடுத்த படம் அறுமீன். பெருசு பண்ணிக் காட்டினேன். ஊசி இல்லாத கை விரலை வெச்சு எண்ண ஆரம்பிச்சார். பதினேழு வரைக்கும் வந்து, நர்ஸ் பிரஷர் பார்க்க வந்ததில் கணக்கு விட்டுப்போச்சு.

"ஆறுதானேடா?"

"கண்ணுக்கு ஆறுதான்ப்பா. கேமராவுக்கு நிறையத் தெரியும்."

கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "இது எந்த ஊரு வானம்னு எப்படித் தெரியும்? நம்ம பனைமரத்தோட எடு" என்றார். இருட்டில் மரம் தெரியாதேப்பா என்றேன்.

"டார்ச் எதுக்கு இருக்கு?"

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு, அறுமீன் கிழக்கே பனைமரத்துக்கு மேல ஏறும்போது எடுத்தேன். ஆறு நொடியில் ஒரு நொடி மட்டும் மரத்து மேல டார்ச் அடிச்சேன். பத்தரைக்கே தாம்பரம் கிளம்பிட்டேன்.