மூட்டு என்ன பேரிங்கா?

எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் ஊரில் எல்லா சந்தேகமும் என்னிடம்தான் வரும். போன பொங்கல் லீவில் அம்மாவே கேட்டுவிட்டது: "ஏன் தம்பி, முட்டி வலிக்கு நடக்கவே கூடாதுங்கறாங்களே, நீ மெஷினெல்லாம் படிக்கிறியே, நெசமா?"

அம்மா நாற்று நடப் போகும். கூலி நின்றால் அடுப்பு நிற்கும். மெக்கானிக்கல்காரன் புத்திக்கு உடனே பேரிங்தான் வந்தது. ஓடினால் தேயும், சும்மா வைத்தால் நிலைக்கும். ஆனால் ஆஸ்பத்திரி டாக்டரம்மா தலைகீழாகச் சொன்னார். எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாதாம்! மூட்டுக்குள் இருக்கும் திரவம்தான் அதற்குச் சோறு. எடை விழும்போது பஞ்சு மாதிரி பிழிந்துகொள்ளும், விலகும்போது உறிஞ்சிக்கொள்ளும். அசைந்தால்தான் சாப்பாடு. எந்த பேரிங் இப்படிச் செய்யும், சொல்லுங்கள்!

நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, கொஞ்சம் நிறுத்தி இறக்கணும். தொடைத் தசை பலமானால் அதுவே முட்டிக்கு ஷாக் அப்சார்பர். "வலிக்கிற காலையா ஆட்டச் சொல்ற?" என்று அம்மா முதலில் முறைத்தது. இப்போது சீரியல் பார்த்துக்கொண்டே செய்கிறது. வலி போயே போச்சு என்று புளுக மாட்டேன். மாடிப்படி ஏறுகிறது, அவ்வளவுதான். குத்துக்கால் போட்டு உட்காராதீங்க என்றார் டாக்டர். எங்கள் வீட்டில் அது நடக்கிற காரியமா?

சரி, நம்ம கிரவுண்டுக்கு வருவோம். ஸ்போர்ட்ஸ் டேக்கு பத்து நாள் இருக்கும்போது திடீரென்று தார் ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் ஓடுவது நம் வழக்கம். மூச்சும் தசையும் சில வாரத்தில் பழகிவிடும். தசையை எலும்போடு கட்டும் நாண்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். முட்டிச் சில்லைச் சுற்றி வலிப்பது இந்த அவசரத்தால்தான். தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டணும்.

கணுக்கால் பிசகினால் நாலு பேர் ஓடிவந்து எண்ணெய் போட்டு உருவுவீர்களே, தயவுசெய்து வேண்டாம்! வீக்கம் கூடும். துணியில் ஐஸ் சுற்றி 15 நிமிஷம் வையுங்கள், காலை உயரத் தூக்கி வையுங்கள். நாலு எட்டு வைக்க முடியவில்லை என்றால் நேரே எக்ஸ்ரேக்குப் போங்கள்.

விரலில் நெட்டி முறித்தால் மூட்டுவாதம் வருமா? அமெரிக்க டாக்டர் டொனால்ட் உங்கர் 50 வருஷமாக இடது கையில் மட்டும் முறித்துப் பார்த்து, இரண்டு கைக்கும் வித்தியாசமே இல்லை என்று 1998-இல் எழுதினார். 2009-இல் அதற்கு இக் நோபல் பரிசும் வாங்கினார். நான் முறிக்கும்போதெல்லாம் திட்டும் என் ரூம்மேட் கவனிக்கவும்!