படத்தில் இருப்பது மட்டும்

அரைப் புள்ளிதான் குறைவு. ஐயெல்ட்ஸ் எனப்படும் ஆங்கில மொழித் தேர்வில் கேட்டல், வாசித்தல், பேசுதல் ஆகிய மூன்றிலும் அவளுக்கு 7 புள்ளி கிடைத்திருந்தது. எழுத்தில் மட்டும் 6. அவளுக்கு இடம் தர முன்வந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகமோ நான்கு திறன்களிலும் குறைந்தது 6.5 வேண்டும் என்று நிபந்தனை விதித்திருந்தது. மீண்டும் எழுத வேண்டுமென்றால் மீண்டும் கட்டணம். ஈப்போவில் நாசி லெமாக் விற்றுக் குடும்பத்தை நடத்தும் அம்மாவிடம் அதைக் கேட்க அவளுக்கு நா எழவில்லை. கடிதத்தைப் பார்த்த அம்மா, தாமாகவே பணத்தை எண்ணி மேசைமேல் வைத்தார்.

எழுத்துத் தேர்வில் இரண்டு பணிகள். இரண்டாவது பணி கட்டுரை. பள்ளியில் பட்டிமன்றம் பேசியவளுக்கு அதில் அச்சமில்லை. முதல் பணிதான் காலை வாரியது. ஒரு பட்டைக் குறிவரைவையோ வட்டக் குறிவரைவையோ அட்டவணையையோ கொடுத்து, அதை விவரிக்கச் சொல்வார்கள். ஏறத்தாழ 20 நிமிடங்களில் குறைந்தது 150 சொற்கள் எழுத வேண்டும். இதில் என்ன கடினம் என்றுதான் முதலில் எல்லாருக்கும் தோன்றும்.

பயிற்சிக்காகச் சிங்கப்பூரின் மக்கள்தொகையை அவள் எடுத்துக்கொண்டாள். ஆறு பட்டைகள். 1970இல் 2.07 மில்லியன், 1980இல் 2.41, 1990இல் 3.05, 2000இல் 4.03, 2010இல் 5.08, 2020இல் 5.69. இந்த ஆறு எண்களையும் ஆறு வாக்கியங்களாக எழுதினாள். 150 சொற்கள் நிரம்பவில்லை. எனவே காரணங்களைச் சேர்த்தாள். வேலை தேடி வந்தவர்கள், குறைந்துவரும் பிறப்பு, கொரோனா என்று பத்திகள் நீண்டன. பள்ளிக் கட்டுரையில் கருத்தை விரித்து, காரணம் காட்டி, எடுத்துக்காட்டுத் தந்தால் பாராட்டுவார்கள். இங்கே நிலைமை வேறு. படத்தில் இல்லாத காரணம், உண்மையாகவே இருந்தாலும், விடையில் இடம்பெறக் கூடாது. தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது நன்றாகப் படித்த பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வலிக்கும்.

அன்றிரவு அம்மா சமையலறையில் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா படம் அது?”

“சிங்கப்பூர் ஜனத்தொகைம்மா.”

“அடுப்ப விட்டு வர முடியாது. நீயே சொல்லு.”

அவள் எண்களை வாசிக்கத் தொடங்கினாள். மூன்றாவது எண்ணிலேயே அம்மா தடுத்தார்.

“இத்தனை கணக்க நான் எங்க ஞாபகம் வச்சிக்கிறது? கூடுச்சா, குறைஞ்சுதா?”

“கூடுச்சும்மா. அம்பது வருஷத்துல ரெண்டரை மடங்குக்கு மேல.”

“மளமளன்னா, மெதுவாவா?”

அவள் படத்தை மறுபடியும் பார்த்தாள். முதல் பத்தாண்டில் 0.34 மில்லியன்தான் கூடியிருந்தது. 2000க்கும் 2010க்கும் இடையில் 1.05 மில்லியன். கடைசிப் பத்தாண்டில் 0.61.

“முதல்ல மெதுவா, அப்புறம் மளமளன்னு. கடைசியில குறைஞ்சுபோச்சு.”

“ஜனம் குறைஞ்சுபோச்சா?”

அவள் வாயடைத்து நின்றாள். தாளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததும் அதேதான்: கடைசிப் பத்தாண்டில் மக்கள்தொகை குறைந்தது. ஆனால், 2020இன் பட்டை மற்ற எல்லாவற்றையும்விட உயரமாக நின்றது.

“இல்லம்மா. ஜனம் குறையல. கூடுற வேகம் குறைஞ்சிருக்கு.”

“அப்படிச் சொல்லு. போன வருஷம் தினமும் பத்துப் பொட்டலம் கூடுதலா வித்தேன். இந்த வருஷம் அதுக்கும் மேல அஞ்சுதான் கூடியிருக்கு. அதுக்காக வியாபாரம் படுத்துப்போச்சுன்னு சொன்னா எப்படி?”

அவள் அந்தத் தாளைக் கசக்கிவிட்டுப் புதிதாக எழுதினாள். படத்தைப் பார்க்காத ஒருவருக்கு முதலில் தெரிய வேண்டியது எதுவோ, அதை எண்களே இல்லாமல் இரண்டு வாக்கியங்களில் வைத்தாள். மக்கள்தொகை பத்தாண்டுக்குப் பத்தாண்டு உயர்ந்துகொண்டே வந்தது. உயர்வின் வேகம் மட்டும் கடைசியில் தணிந்தது. பிறகு, தேவையான எண்களை மட்டும் சேர்த்தாள்.

இன்னொரு குழப்பமும் அப்போதுதான் கண்ணில் பட்டது. எந்தப் பத்தாண்டில் வளர்ச்சி மிகுதி? எண்ணிக்கையில் பார்த்தால் 2000 முதல் 2010 வரை. விழுக்காட்டில் பார்த்தால் 1990 முதல் 2000 வரை; அப்போது ஏறத்தாழ 32 விழுக்காடு, அடுத்த பத்தாண்டில் 26 விழுக்காடு. இரண்டு விடையும் சரி. எதைக் கொண்டு அளந்தோம் என்று சொல்லாவிட்டால் இரண்டுமே தவறாகப் புரிந்துகொள்ளப்படும்.

சொற்களையும் அவள் திருத்த வேண்டியிருந்தது. மனனம் செய்து வைத்திருந்த பகட்டான ஆங்கில வினைச்சொற்களால், 2.07இலிருந்து 2.41க்குப் போனதைக்கூட வானைத் தொட்டதாக முன்பு எழுதியிருந்தாள். தமிழில் யாராவது அப்படிச் சொன்னால் அவளே சிரித்திருப்பாள். ‘சற்றுக் கூடியது’, ‘சீராக உயர்ந்தது’, ‘கிடுகிடுவென ஏறியது’ என்ற மூன்றும் ஒன்றல்ல என்பது அவளுக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். ஆங்கிலச் சொற்களையும் அதே போல் படிப்படியாக அடுக்கி, பட்டையின் உயரத்துக்கேற்பத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினாள். அதன்பின் ஒவ்வோர் இரவும் ஒரு படம். அவள் சொல்ல, அம்மா அடுப்படியிலிருந்தே கேள்வி கேட்பார்.

தேர்வில் இரண்டு வட்டக் குறிவரைவுகள் வந்தன. அறையில் எல்லாரும் உடனே எழுதத் தொடங்கினார்கள். அவள் மூன்று நிமிடம் பென்சிலைத் தொடவில்லை. எது கூடியது, எது குறைந்தது, எது அப்படியே இருந்தது என்று படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேர்வு முடிவில் எழுத்துக்கு 6.5 என்றிருந்தது. அதில் முதல் பணிக்கு எவ்வளவு, கட்டுரைக்கு எவ்வளவு என்று தனித்தனியே போட்டிருக்கவில்லை. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“அரைதானே கூடியிருக்கு?”

“அரைதாம்மா வேணும்.”