நடுச்சாமத்து மணி

கல்தொட்டியில் தாமரை இதழ்களை மிதக்கவிட்டு, நடுவே நாலைந்து மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். தஞ்சாவூரிலிருந்து ராமேசுவரம் போகிற பழைய பாதையில், ஒரு காலத்தில் சத்திரமாக இருந்து இப்போது ‘ஹெரிடேஜ்’ ஓட்டலாகிவிட்ட கட்டடம். குனிந்து பார்த்தேன். தொட்டியின் அடியில் ஓரமாக ஒரு துளை, கட்டையால் அடைத்திருந்தது. விளிம்பு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வழவழவென்று கிடந்தது. அண்டாவைச் சாய்த்துச் சாய்த்துக் கஞ்சி வடித்த பக்கமாக இருக்க வேண்டும். வரவேற்பில் இருந்த பெண், “குதிரைக்குத் தண்ணி காட்டுற தொட்டி சார்” என்றார். வந்து தங்குகிறவர்களுக்குக் குதிரை பிடிக்கும் போலிருக்கிறது. வடிகஞ்சி என்று சொன்னால் யார் நின்று படம் எடுப்பார்கள்?

ஆதார் நகல், முன்பணம், கார் நம்பர், காலை டிபனுக்குக் கூப்பன் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ராத்திரி பத்தேகாலுக்குப் பசித்தது. போன் போட்டேன். “கிச்சன் பத்து மணியோட க்ளோஸ் சார்.” அன்னசத்திரத்தில் படுத்துக்கொண்டு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தவன், அந்தக் கட்டடத்தின் சரித்திரத்திலேயே அநேகமாக நான்தான்.

பசிக்கிறபோது சோற்றைப் பற்றிய எழுத்துதான் ஞாபகம் வரும். எனக்கு வந்தது தஞ்சாவூர் ராஜா இரண்டாம் சரபோஜி எழுதிய கடிதம். 1799 உடன்படிக்கையில் ராஜ்ஜியத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிக்கொண்டு ராஜாவுக்குக் கோட்டையையும் ஒரு மானியத்தையும் விட்டுவைத்தது. நாடு போனது போகட்டும், சத்திரமும் போய்விடக்கூடாதே என்ற கவலையில் 1801-ல் கம்பெனியின் ரெசிடெண்டுக்கு அவர் எழுதியது அது. கெஞ்சல் கடிதமாக இருக்கும் என்று நினைத்துத்தான் முதலில் படித்தேன். படித்தால் நல்ல குடும்பத்துப் பாட்டியின் வீட்டுக் கணக்கு மாதிரி இருக்கிறது. நோயாளிக்கு மருந்தும் பத்தியச் சாப்பாடும், குணமாகும்வரை மரியாதையான கவனிப்பும் உண்டு. கட்டிக்கும் வீக்கத்துக்கும் விஷக்கடிக்கும் தேர்ந்த வைத்தியர்கள் உண்டு. வயல்வரப்பு வழியே ராவும் பகலும் கால்நடையாக வருகிறவர்களுக்கு எது முதலில் தேவைப்படும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். வழிப்போக்கர்கள் விட்டுப்போன அநாதைப் பிள்ளைகளை வாத்தியார் பொறுப்பில் விடுவார்கள். அவர்களுக்கு மூன்று வேளை சோறு, நாலு நாளைக்கு ஒரு தடவை எண்ணெய்க் குளியல். ஒரு ராஜா, வெள்ளைக்கார அதிகாரிக்கு எழுதும் கடிதத்தில், எண்ணெய்க் குளியலின் முறையைக் கணக்கோடு சொல்கிறார். எனக்கு அந்த மனுஷரை அந்த இடத்தில்தான் பிடித்துப்போனது.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் பண்ணியது வேறு ஒரு விஷயம். சோறு போடுவது நடுச்சாமம் வரை நடக்குமாம். பிறகு மணி அடிப்பார்களாம். இன்னும் சாப்பிடாதவர்கள் வந்து, அவர்களுக்கென்று ஆக்கி வைத்திருப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும்.

யாருக்காக அந்த மணி? பசித்தவன் எட்டு மணிக்கே இலைமுன் உட்கார்ந்திருப்பான். தாமதமாக வந்து சேர்ந்தவனுக்கு என்று சொல்லலாம். அது பாதி பதில்தான். தூணோரம் துண்டை விரித்து, தூங்குகிற மாதிரி படுத்திருக்கும் ஒருவன் எந்தச் சத்திரத்திலும் இருப்பான். ஊரில் நாலு பேருக்குப் போட்ட கை, இங்கே போய் நீட்டுவதா என்று கிடப்பான். “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டால் “ஆச்சு” என்று சொல்லிவிடுவான். நம் ஊரில் அந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது. மணி அவனிடம் எதையும் கேட்பதில்லை. மீதி இருக்கிறது, வாங்கிக்கொண்டால்தான் அடுப்படியை மூடலாம் என்கிறது. சாப்பிடுவது உபகாரமாகிவிடுகிறது. இதை யோசித்தவர் யார் என்று தெரிந்தால் அவருக்குத்தான் முதல் சிலை வைப்பேன்.

சோறு எல்லாச் சாதிக்கும் என்று கடிதம் சொல்கிறது. எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று நம்ப நான் தயாரில்லை. ஆக்கிய சோறு வேண்டாதவர்களுக்கு அரிசியும் மசாலைச் சாமானும் படியளக்கப்பட்டதாக அதே கடிதத்தில் வருகிறது. யார் கைச் சமையலை யார் தொடமாட்டார் என்பதை ராஜா எழுதவில்லை, அரிசி எழுதிவிட்டது.

கடிதம் எழுதிய மறுவருஷம், 1802-ல், ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம் எழும்பியது. முத்தாம்பாள் பட்டத்து ராணியில்லை, ராஜாவின் பிரியத்துக்குரியவர். சாகும் தறுவாயில் தன் பேரில் ஒரு சத்திரம் கேட்டார் என்பார்கள். தஞ்சாவூர்ச் சத்திரங்களில் பெரும்பாலானவை அரண்மனைப் பெண்கள் பேரில்தான் இருக்கின்றன.

அப்புறம் ரயில் வந்தது. 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு, 1914-ல் பாம்பன் பாலம் தாண்டி ராமேசுவரத்துக்கே. நடந்து வருகிறவன் இல்லையென்றால் திண்ணை எதற்கு? ஒரத்தநாட்டுச் சத்திரத்தில் பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள். அது நியாயமான வாரிசுதான். திருச்சியில் சத்திரம் என்ற பேரை மட்டும் பஸ் ஸ்டாண்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். தஞ்சாவூரில் சத்திரம் நிர்வாகத்துக்கென்று இன்னும் ஒரு தனி வட்டாட்சியர் இருக்கிறார். அந்த விசிட்டிங் கார்டை வாங்கிப் பார்க்க ரொம்ப நாளாக ஆசை.

அரண்மனைக் கணக்குகள் மோடி என்ற பழைய மராத்தி எழுத்தில் கட்டுக்கட்டாக சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. எண்ணெய்க்கு இவ்வளவு, அரிசிக்கு இவ்வளவு என்று எழுதுகிறவர்கள் மணியடித்தவன் சம்பளத்தையும் எழுதாமலா இருப்பார்கள்? மோடி படிக்கத் தெரிந்த ஒரு நண்பரிடம் தேடச் சொல்லியிருக்கிறேன். சம்பளம் கிடக்கட்டும், அந்த ஆள் சாப்பிட்டது மணிக்கு முன்னாலா பின்னாலா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். “இதுக்கெல்லாம் ஒரு கட்டை அவிழ்க்கணுமா ஓய்?” என்று சிரித்தார். அவிழ்ப்பார். அவருக்கும் இப்போது அது உறுத்த ஆரம்பித்திருக்கும்.