தேக்கடியில் ஒரு கணக்கு நோட்டு

தேக்கடி என்றதும் நம்மில் பலருக்கு என்ன ஞாபகம் வரும்? ஏரி, படகு, தூரத்துக் கரையில் கறுப்புப் பொட்டுகளாக யானைக் கூட்டம்! நானும் இரண்டு முறை போய் அதை மட்டும் பார்த்துவிட்டு, குமுளியில் ஏலக்காயும் மிளகும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவள்தான். மூன்றாவது முறை என் மாமியாரையும் அழைத்துக்கொண்டு போனேன். அத்தைக்குப் பிறந்த வீடு கம்பம். "எங்க ஊருக்கு மேலே இருக்கிற மலைதானே, அங்கே புதுசா என்னத்தப் பாக்கப் போறோம்?" என்று சொல்லிக்கொண்டேதான் கிளம்பினார். ஆனால் அன்று நாங்கள் பார்த்தது யானையை அல்ல, மனிதர்களை!

மதுரையிலிருந்து தேனி, சின்னமனூர், கம்பம், கூடலூர் வழியாகக் குமுளி ஏறக்குறைய 140 கிலோமீட்டர். லோயர் கேம்ப்பைத் தாண்டி மலைப்பாதை வளைந்து ஏறும்போது, மின் நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்கள் கண்ணில் படும். கர்னல் பென்னி குயிக் முன்னின்று கட்டி 1895-இல் முடித்த பெரியாறு அணையின் தண்ணீர் அதில்தான் வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் நெல்லுக்கும், வைகையில் கலந்து மதுரை வீடுகளின் குழாய்க்கும் அதே தண்ணீர்தான். நம் அடுக்களைக்கும் அந்தக் காட்டுக்கும் இவ்வளவு கிட்டத்து உறவு இருக்கிறது!

அணை கட்டியதால் நிரம்பியதுதான் தேக்கடி ஏரி. அப்போது மூழ்கிய மரங்களின் மொட்டைக் கட்டைகள் நூறு வருஷத்துக்கு மேலாகியும் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அவற்றின் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். ஏரியைச் சுற்றியுள்ள காட்டை 1934-இல் திருவிதாங்கூர் சமஸ்தானம் சரணாலயமாக்கியது. 1950-இல் அது பெரியாறு வனவிலங்கு சரணாலயமாக விரிந்தது. 1978-இல் புலிகள் காப்பகமாயிற்று. இன்று அதன் பரப்பு 925 சதுர கிலோமீட்டர். சபரிமலை ஐயப்பன் கோயிலும் இந்தக் காட்டுக்குள்தான் இருக்கிறது.

அத்தையின் விறகு ஞாபகம்

மலை ஏறும்போதே அத்தை பழைய கதையை ஆரம்பித்துவிட்டார்.

"எங்க வீட்டுல அடுப்பெரிக்கிற விறகெல்லாம் இந்த மலையிலேருந்து வந்ததுதான். பொம்பளைங்க தலைச்சுமையா கொண்டாந்து போடுவாங்க. காட்டுக்காரங்க கண்ணுல பட்டா கத்தியும் போச்சு, கட்டும் போச்சு. பாவம், அழுதுக்கிட்டே வருவாளுங்க. நாங்க என்ன செய்வோம்? கட்டுக்கு நாலணா குறைச்சுக் கேப்போம்!"

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்துக் காட்டு நிர்வாகம் அப்படித்தான் இருந்தது. ஒரு பக்கம் லத்தியும் வழக்கும். இன்னொரு பக்கம் விறகு, புல், தேன், பட்டை என்று காட்டை நம்பியே வயிறு வளர்த்த ஜனங்கள். பகலில் பிடிபட்டவர் இரவில் போவார். காவலும் ஓயவில்லை, காடு அழிவதும் நிற்கவில்லை.

1990-களின் பிற்பாதியில் இதை மாற்ற ஒரு முயற்சி நடந்தது. உலக வங்கியின் உதவியோடு இந்தியாவில் ஏழு காடுகளில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. பெரியாறு அவற்றில் ஒன்று. காட்டை ஒட்டிய குடும்பங்களைச் சேர்த்து எழுபதுக்கும் மேற்பட்ட குழுக்கள் அமைத்தார்கள். உள்ளூரில் இவற்றை 'இ.டி.சி.' என்றால் குழந்தைக்கும் தெரியும்.

குழுவில் ஊர்க் குடும்பங்கள் அங்கத்தினர்கள். தலைவர்களை அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். வனத்துறை ஊழியர் ஒருவர் செயலாளர். தங்களுக்கு என்ன வேண்டும், பதிலுக்குக் காட்டுக்கு என்ன செய்வோம் என்பதை உட்கார்ந்து பேசித் திட்டம் எழுதுகிறார்கள். இலவசமாகக் கொடுத்தால் அருமை தெரியாது என்று, செலவில் கால் பங்கைப் பணமாகவோ உழைப்பாகவோ மக்களே போட வேண்டும் என்று விதி செய்தார்கள். வரவு செலவு பொதுக் கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும். சீட்டுக் கட்டும் பெண்களுக்கு இந்த முறையைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை!

பட்டை உரித்தவர்கள் வழிகாட்டிகளான கதை

நான் மூன்று மணி நேர நடைப் பயணத்துக்குச் சீட்டு எடுத்திருந்தேன். முழங்கால் வலிக்காரரான அத்தை, வாசல் பக்கம் நிழலில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு வழிகாட்டியாக வந்தவர் மன்னான் இனத்தைச் சேர்ந்த பெரியவர். மன்னான்கள், பளியர்கள் இருவரும் இந்தக் காட்டின் பூர்வ குடிகள். தங்கள் முன்னோர் மதுரைப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது மன்னான்களின் வழிவழிக் கதை.

"அம்மா, பாத்து வாங்க. சத்தம் வேண்டாம்" என்று கையைக் காட்டினார். நான் பார்த்தது வெறும் சேறு. அவர் பார்த்தது, காலையில் கடந்துபோன காட்டெருமையின் குளம்பு! மரத்தில் கீறல் இருந்தால் கரடி ஏறியது என்கிறார். கிளை ஆடினால் கருங்குரங்கு என்கிறார். அந்தக் கண்ணும் காதும் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடைக்காது.

வழியில் ஒரு மரத்தைத் தட்டிக் காட்டினார். "இதுதான் வயணை." நாம் பிரியாணிக்குப் போடும் பட்டையின் காட்டு ஜாதி. முன்பு ஒரு கூட்டம் இதன் பட்டையை உரித்துக் கடத்திக்கொண்டிருந்தது. சுற்றிலும் உரித்துவிட்டால் மரம் நின்றபடியே செத்துப்போகும். காட்டின் ஒவ்வொரு சந்து பொந்தும் தெரிந்தவர்கள் என்பதால் அவர்களைப் பிடிப்பது பெரும்பாடு. பிடித்தாலும், ஜாமீனில் வந்து மறுபடி காட்டுக்குத்தான் போவார்கள். வழக்குச் செலவுக்குப் பணம் வேண்டுமே!

வனத்துறை என்ன செய்தது தெரியுமா? அவர்களோடு உட்கார்ந்து பேசியது. கடத்தல்காரர்களின் வழிகளைச் சொல்லிவிட்டுத் தொழிலையும் விட்டுவிட்டால், வழக்குகளை விலக்கிக்கொண்டு வேறு பிழைப்புக்கு வழி செய்வதாகச் சொன்னது. அப்படி 1990-களின் இறுதியில் பிறந்ததுதான் 'டைகர் டிரெயில்' என்ற நடைப் பயணம். பட்டை உரித்த அதே ஆட்கள் பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துப்போய், கூடாரம் போட்டுத் தங்கவைத்து, சமைத்துப் போட்டுப் பத்திரமாகக் கொண்டுவந்து விடுகிறார்கள். நடக்கிற வழியெல்லாம் காவலும் ஆயிற்று. வரும் பணம் குழுவுக்குப் போகிறது. அதிலிருந்து அவர்களுக்கு ஊதியம், மிச்சம் பொது நிதிக்கு.

"முன்னாடி வீட்டுக்கதவ யாரு தட்டுனாலும் பொண்டாட்டி பிள்ளைங்க நடுங்கும். இப்ப அப்படி இல்லை" என்றார் பெரியவர். எனக்கு அந்தப் பெண்டாட்டிமாரைத்தான் நினைத்துக்கொள்ளத் தோன்றியது.

மிளகில் விழுந்த முடிச்சு

இன்னொரு கதையும் சொன்னார். குமுளியை ஒட்டிய பழங்குடி ஊர்களில் மிளகுதான் செல்வம். ஆனால் கொடி பூக்கும் முன்பே வியாபாரி வீட்டுக்கு வந்துவிடுவான். ஆடி மாத மழையில் வேலை இல்லாமல், அரிசி இல்லாமல் இருக்கும் நேரம் பார்த்து முன்பணம் கொடுப்பான். அறுவடையானதும் அவன் சொன்ன விலைக்கு மூட்டை கட்டிக்கொண்டு போவான். கடன் தீராது. சொந்த நிலத்திலேயே கூலியாள் போல ஆகிப்போனவர்கள் உண்டு. பசித்த வயிறு எங்கே போகும்? காட்டுக்குத்தான்!

குழு அமைந்த பிறகு முதலில் அந்தக் கடனை அடைத்து நிலத்தை மீட்டார்கள். பிறகு மிளகைச் சேர்த்துவைத்து, ஒன்றாக விலை பேசி விற்றார்கள். காட்டுக்குள் ஒரு காவலரைக்கூடக் கூடுதலாகப் போடாமல் காட்டைக் காத்த காரியம் இது.

வசந்த சேனை

நடை முடிந்து திரும்பினால், அத்தையைச் சுற்றி ஐந்தாறு பெண்கள்! சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை கையிலும் ஒரு கப்பைக்கிழங்குத் துண்டு.

"வா வா! இவங்கதான் காட்டைக் காவல் காக்கிறாங்களாம்" என்றார்.

வசந்த சேனை என்று அந்தப் படைக்குப் பெயர். 2002-இல் சுமார் நூறு பெண்கள் சேர்ந்து தொடங்கியது. முறை போட்டுக்கொண்டு, தினமும் ஒரு சிறு கூட்டம் காட்டோரமாகச் சுற்றிவருகிறது. சந்தன மரம் வெட்டுப்பட்டிருக்கிறதா, கண்ணி வைத்திருக்கிறார்களா, தெரியாத ஆள் நடமாட்டம் உண்டா என்று பார்த்து வனத்துறைக்குச் சொல்கிறார்கள். காலையில் வீட்டு வேலையை முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பினால், மாலையில் பிள்ளைகள் வரும் நேரத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

"சம்பளம் எவ்வளவு தர்றாங்க?" என்று கேட்டேன்.

அவர்களில் மூத்தவர் சிரித்தார். "சம்பளமா? அதெல்லாம் இல்லை அக்கா."

"பின்னே எதுக்கு இந்தப் பாடு?"

"நான் சின்னப் பிள்ளையில எங்கம்மாகூட விறகுக்குப் போனவ. ஓடி ஒளிஞ்ச காடு. இப்ப எங்க குழுக்கு இந்தக் காட்டுலேருந்துதான் வருமானம். எங்களுக்கு அவசரம்னா குழுக் கடன் கிடைக்குது. காடு போச்சுன்னா அதும் போச்சு. மாசத்துல ஒண்ணு ரெண்டு நாள்தானே?"

எனக்கு மனம் ஒப்பவில்லை. வழிகாட்டும் ஆண்களுக்கு ஊதியம் உண்டு, காவல் காக்கும் பெண்களுக்கு மட்டும் சேவையா? அதைக் கேட்டும் விட்டேன்.

"வீட்டு வேலைக்கு மட்டும் நமக்கு யாரு சம்பளம் குடுத்தா?" என்றார் அத்தை.

அந்தப் பெண் உடனே சொன்னார்: "அப்படி இல்லேம்மா. வீட்டுல கணக்கு நோட்டு நம்ம கையில இருக்காது. எவ்வளவு வந்துது, எங்க போச்சுன்னு கேக்க முடியாது. இங்கே பொதுக் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு கேப்போம். கேட்டா வாசிச்சுக் காட்டணும். முன்னாடி காக்கிச் சட்டையக் கண்டா ஓடுவோம். இப்ப அவங்ககிட்டயே கணக்குக் கேக்குறோம்ல?"

அத்தை அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கம்மா எங்க தெருவுக்கு விறகு கொண்டாந்திருந்தா, நான் விலை குறைச்சுத்தான் கேட்டிருப்பேன் தாயி" என்றார். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு கிழங்குத் துண்டை எடுத்து அத்தை கையில் வைத்தார்.

குறைகளும் உண்டு

எல்லாம் பூரணம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி இதே ஏரியில் உல்லாசப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கைப் பார்க்கும் ஆவலில் எல்லோரும் ஒரு பக்கமாக நகர்ந்ததில் படகு சாய்ந்தது என்றார்கள். எத்தனை பேரை ஏற்றுவது, மிதவை உடை போட்டார்களா என்று பார்ப்பதும் நிர்வாகம்தானே? யானையும் பன்றியும் தோட்டத்தை அழித்துவிட்டால் நஷ்டஈடு கைக்கு வரத் தாமதமாகிறது என்ற புகாரையும் அந்தப் பெண்களே சொன்னார்கள்.

ஆனாலும் ஒன்றைப் பாராட்ட வேண்டும். வெளிநாட்டு உதவியோடு நடக்கும் பல திட்டங்கள் பணம் தீர்ந்ததும் பெயர்ப் பலகையோடு நின்றுவிடும். இங்கே திட்டக் காலம் 2004-இல் முடியும் தறுவாயிலேயே பெரியாறு பவுண்டேஷன் என்ற அறக்கட்டளையை ஏற்படுத்திவிட்டார்கள். சுற்றுலாப் பயணிகள் கட்டும் தொகையில் ஒரு பங்கு அதில் சேர்ந்து, காட்டுக்கும் குழுக்களுக்கும் திரும்புகிறது. 2006-இல் வனவிலங்குச் சட்டம் திருத்தப்பட்டபோது, எல்லாப் புலிகள் காப்பகத்துக்கும் இப்படி ஒரு அறக்கட்டளை வேண்டும் என்று எழுதப்பட்டது. மலைக்கு இந்தப் பக்கம், நம் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை 2021-இல் புலிகள் காப்பகமானது. அங்கேயும் அந்தச் சட்டம் செல்லும். கணக்கு நோட்டைத் திறந்து கேட்கும் பெண்கள் அங்கேயும் வர வேண்டும் என்பதே என் ஆசை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை குளுமையும் பசுமையும். கோடையில் விலங்குகள் தண்ணீருக்கு வருவதால் பார்ப்பது சுலபம். படகுக்கும் நடைப் பயணத்துக்கும் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். படகில் மிதவை உடையைக் கழற்றாதீர்கள், இடம் விட்டு எழாதீர்கள்.

மழைக் காலத்தில் அட்டை உண்டு. அங்கே தரும் அட்டைக் காலுறையை முழங்கால் வரை இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். அட்டை கடித்துவிட்டால் பிய்த்து இழுக்கவோ நெருப்பு வைக்கவோ வேண்டாம். நகத்தால் அதன் வாய்ப் பக்கம் மெல்ல நெம்பினால் விட்டுவிடும். சோப்பு போட்டுக் கழுவுங்கள். இரத்தம் உறையாமலிருக்க அட்டை ஒரு திரவத்தை விடுவதால் சற்று நேரம் கசியும், பயம் வேண்டாம். சர்க்கரை வியாதிக்காரர்கள் கையில் பிஸ்கட் வைத்துக்கொள்ளுங்கள். பூப்போட்ட புடவையும் வாசனைத் தைலமும் காட்டுக்குள் வேண்டாம். பிளாஸ்டிக் பைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

முக்கியமாக ஒன்று. நீங்கள் கட்டும் சீட்டுப் பணம் எங்கே போகிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அங்குள்ளவர்கள் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள்.

ஊருக்கு வந்து அஞ்சறைப் பெட்டியில் மிளகைக் கொட்டும்போது அத்தை சொன்னார்: "இந்தத் தடவை விலை பேசாம வாங்கினேன், பாத்தியா?"