இரு வரிசையும் கேட்ட ஒரே கேள்வி

கோடை விடுமுறையில் நெல்லைச் சீமையில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு கன்வென்ஷன் பந்தல் கண்ணில் படும். கூட்டம் மூன்று நாள் என்றால் கடைசி நாள் ராத்திரி பெரும்பாலும் நியாயத்தீர்ப்புப் பிரசங்கம்தான். பிரசங்கியார் வெளிப்படுத்தின விசேஷத்தைத் திறந்து எக்காளம், முத்திரை, அந்திக்கிறிஸ்து, 666 என்று ஒவ்வொன்றாக விரிக்க விரிக்க, மடியில் கிடக்கும் குழந்தைகூட அழாது. அந்தப் பயத்தில் முழங்கால்படியிட்டு, குடியை அன்றோடு விட்டவர்களை எனக்குத் தெரியும். அதனால் பயத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனாலும் பயம் வெகுநாள் தாங்குவதில்லை. கொஞ்ச நாளில் அது 'எப்போது?' என்ற கணக்காக மாறிவிடுகிறது. இந்தப் போர் அந்தப் போரா, இந்த அட்டை அந்த முத்திரையா என்று பேசிப் பேசியே ஆயுள் கழிகிறது.

இந்தக் கணக்கு நம் காலத்தில் தொடங்கியதல்ல. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி தானியேல் புத்தகத்தின் 2300 நாட்களை வருடங்களாக எண்ணி, கிறிஸ்துவின் வருகை நெருங்கிவிட்டது என்று பிரசங்கித்தார். அவர் வழி வந்தவர்கள் 1844 அக்டோபர் 22 என்று நாளே குறித்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் நம்பினார்கள். சிலர் விளைந்ததை அறுக்காமல் வயலிலேயே விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். 23-ஆம் தேதி வழக்கம்போல் விடிந்தது. அவர்களுடைய விசுவாசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த நாள் பிதாவுக்கு மட்டுமே தெரியும் என்று ஆண்டவரே மத்தேயு 24-இல் சொல்லிவிட்ட பிறகு, அதைத் துருவுவது நமக்கு விடப்பட்ட வேலை அல்ல.

நாளை மறைத்தவர், அன்று என்ன கேட்பார் என்பதை மறைக்கவில்லை. அது அடுத்த அதிகாரத்திலேயே இருக்கிறது. எல்லா ஜனங்களும் அரசர்முன் கூட்டப்படுகிறார்கள். மேய்ப்பன் செம்மறியையும் வெள்ளாட்டையும் பிரிப்பதுபோல் அவர் பிரிக்கிறார். பகலெல்லாம் ஒரே மந்தையாய் மேய்ந்தவை அவை. கரிசல் காட்டில் கிடை போடும் கோனார்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கேட்கப்படுவது ஆறு காரியங்கள்: பசித்தவனுக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணீர், அந்நியனுக்கு இடம், உடையில்லாதவனுக்குத் துணி, நோயாளியை விசாரிப்பது, சிறையில் கிடப்பவனைப் போய்ப் பார்ப்பது. எத்தனை அதிகாரம் மனப்பாடம், எந்தச் சபை, எவ்வளவு காணிக்கை என்ற பேச்சே அங்கே எழவில்லை.

அந்தப் பகுதியை எத்தனை முறை வாசித்தாலும் ஒரு இடத்தில் நின்றுவிடுகிறேன். வலப்பக்கம் நின்றவர்களும் இடப்பக்கம் நின்றவர்களும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: ஆண்டவரே, உம்மை எப்போது பார்த்தோம்? செய்யாதவர்கள் திகைப்பது இயல்பு. செய்தவர்களும் ஏன் திகைக்கிறார்கள்? செய்ததை அவர்கள் கணக்கில் வைக்கவில்லை. யாருக்குச் செய்தோம் என்றே அவர்களுக்குத் தெரியாது. விசுவாச வாழ்க்கை என்று நான் நினைப்பது இதைத்தான்: நன்மை கைப்பழக்கமாகி, செய்த கைக்கே மறந்துபோவது.

எங்கள் வீட்டு அடுப்படியில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு மண்பானை இருந்தது. உலை கொதித்ததும் அம்மா அரிசியை அளந்து முறத்தில் போடுவாள். களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி அந்தச் சின்னப் பானையில் போட்டுவிடுவாள். பிடியரிசி என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோவிலுக்குக் கொண்டுபோய் மாதர் சங்கத்துச் சாக்கில் தட்டுவாள். ரேஷன் அரிசி தீர்ந்து, பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கிய அரிசியிலும் பிடி எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குச் சோறு எங்களுக்கே காணாது. இது யாருக்கும்மா என்று கேட்டால், "யாருக்குப் போனா என்ன, பசிக்கவங்களுக்குத்தான போவுது" என்பாள். அதற்குமேல் அவளுக்குத் தெரியாது. எந்த வீட்டுப் பிள்ளை அந்தச் சோற்றைத் தின்றது என்று கடைசிவரை கேட்டுக்கொண்டதும் இல்லை. சிங்காசனத்தின்முன் அந்த அரிசியைப் பற்றிப் பேச்சு எழுந்தால், எப்போது ஆண்டவரே என்று அவளும் கேட்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அப்படியானால் நற்கிரியையால் மோட்சத்தைச் சம்பாதித்துவிடலாமா? லூத்தர் 1517-இல் எழுப்பிய விவாதத்திலிருந்து சபைகள் பிரிந்து நின்றதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுகிறோம் என்று போதித்த பவுலே, எல்லோரும் கிறிஸ்துவின் நியாயாசனத்துக்குமுன் நிற்க வேண்டும் என்று கொரிந்தியருக்கு எழுதினார். கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்றார் யாக்கோபு. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகச் சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே தேவன் நம்மை ஏற்கிறார். அந்தக் கிருபையே நம்மை நற்கிரியைக்கு எழுப்புகிறது என்பது அதன் சாரம். அம்மா அந்த அறிக்கையைப் படித்ததில்லை. ஆனால் பிடியரிசி போட்டதற்காகத் தனக்கு ஏதோ வரவேண்டியிருக்கிறது என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

நியாயாதிபதி யார் என்பதும் என்னைத் தேற்றுகிறது. வனாந்தரத்தில் பசித்திருந்தவர் அவர். சிலுவையில் தாகத்தோடு தொங்கியவர், தலைசாய்க்க இடமில்லாதவர், உடை உரியப்பட்டவர், கைதியாகக் கட்டி இழுக்கப்பட்டவர். தான் பட்டதையே கேட்கிறார். கந்தையும் பசியும் பார்த்தவர்முன் போய் நிற்பதில் பயம் உண்டு, அடைக்கலமும் உண்டு.

இந்த ஆறில் நம் சபைகள் சிலவற்றை நன்றாகவே செய்திருக்கின்றன. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காதுகேளாதோருக்கும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மிஷனெரிப் பெண்கள் பள்ளி தொடங்கினார்கள். வேலூரில் ஐடா ஸ்கடர் 1900-இல் சிறிதாகத் தொடங்கிய மருத்துவப் பணி இன்று நாடறிந்த மருத்துவமனை. நோயாளியையும் பசித்தவனையும் நாம் மறக்கவில்லை. சிறையில் கிடப்பவனையும் அந்நியனையும்தான் மறந்துவிட்டோம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள். ஜாமீன் கிடைத்தும், கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் உள்ளேயே கிடப்பவர்கள் உண்டு. மனு போட்டுப் பார்க்கக்கூட ஒருவரும் வராதவர்கள் உண்டு. அந்நியனைத் தேடி வெகுதூரம் போகவும் வேண்டாம். நம் கோவில் கோபுரத்துக்குச் சாரம் கட்டி வெள்ளையடிக்கும் ஒடிசாக்காரப் பையனின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறவர்களில் நம்மைப்போலவே ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போய் வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள். இங்கே வந்து வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள்.

அடுத்த சேகரக் கமிட்டியில் பண்டிகைப் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் வரவுசெலவு போடும்போது, உங்களில் ஒருவர் எழுந்து இரண்டு காரியம் கேளுங்கள். சிறைக்கு மாதம் ஒருமுறை மனு பார்க்கப் போக நாலு பேரும், ஒரு ஏழைக் கைதியின் ஜாமீனுக்கு ஒரு வக்கீலும் நம் சபையில் கிடைப்பார்களா? வேலைக்கு வந்திருக்கும் வடநாட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வருஷ அசனத்தில் நம்மோடு பந்தியில் இலை போடுவோமா? கேட்டுவிட்டு, முதல் பெயராக உங்கள் பெயரைக் கொடுங்கள்.