தொண்ணூற்றெட்டு ஆட்டங்கள்

1954ஆம் ஆண்டு மெல்பேண் நகரில், பிற்ஸ்ரோய்க் கழகத்துக்கெதிராக ஒரே ஆட்டத்தில் 14 கோல்களை உதைத்தார் எசென்டன் கழகத்தின் ஜோன் கோல்மன். அடுத்த வாரம் நோர்த் மெல்பேண் கழகத்துடன் ஆடுகையில் அவரது முழங்கால் மூட்டு விலகியது. அப்போது அவருக்கு வயது 25. அதன்பின் அவர் லீக் ஆட்டம் எதிலும் இறங்கவில்லை.

உலகெங்கும் வழங்கும் உதைபந்தாட்டம் அன்று இது. நீள்வட்ட மைதானம், அணிக்குப் பதினெண்மர், ஒவ்வோர் அந்தத்திலும் நான்கு கம்பங்கள். நடுக்கம்பங்கள் இரண்டினிடையே பந்து சென்றால் ஆறு புள்ளிகள், புறத்தே சென்றால் ஒன்று. உதைத்துவந்த பந்தை நிலந்தொடுமுன் பற்றுபவனுக்குத் தடையின்றி உதைக்கும் உரிமை உண்டு. ஆதலின் வானில் எழுதலே இவ்வாட்டத்தின் உயிர்நிலை. கோல்மனின் புகழும் அங்கேதான் பிறந்தது. எதிராளியின் தோளுக்கு மேலாக அவர் எழும்பிப் பந்தைப் பற்றும் காட்சிக்கென்றே மக்கள் திரண்டனர்.

கடலோர ஊரான ஹேஸ்ரிங்ஸில் ஆடிவந்த இளைஞரை எசென்டன் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை என்பது வியப்புக்குரியது. 1949இல் ஹோத்தோர்ன் கழகத்துக்கெதிரான முதலாட்டத்திலேயே அவர் 12 கோல்களை உதைத்தார். அப்பருவத்தின் நூறாவது கோல், கிண்ணத்துக்கான இறுதியாட்டத்தின் கடைசிப் பகுதியில் கிட்டியது. அவ்வாண்டும் மறு ஆண்டும் கிண்ணம் எசென்டனுடையதே.

1951இல் நிகழ்ந்தது வேறு. இறுதிச் சுற்றுகளுக்கு முந்திய ஆட்டத்தில் கார்ல்ரன் வீரரொருவர் அவரைத் தாக்கினார். கோல்மன் திருப்பித் தாக்கினார். விசாரணை மன்று இருவருக்கும் நான்கு வாரத் தடை விதித்தது. சினமூட்டியவனையும் சினந்தவனையும் ஒரே தராசில் நிறுத்தமை நீதியோ? கண்ணீருடன் வெளியேறினார் கோல்மன். அவரில்லாத எசென்டன் இறுதியாட்டத்தில் ஜீலோங்கிடம் 11 புள்ளிகளால் தோற்றது.

1949, 1950, 1952, 1953 ஆகிய நான்கு பருவங்களிலும் லீக்கில் மிகுதியான கோல்களை உதைத்தவர் அவரே. 98 ஆட்டங்களில் 537 கோல்கள். ஆட்டமொன்றுக்கு ஐந்துக்கும் மேல். முழங்கால் குணமாகுமென்று ஈராண்டுகள் முயன்று, 1956இல் விலகினார்.

பின்னர் பயிற்றுநராக 1962, 1965 ஆகிய ஆண்டுகளில் எசென்டனுக்குக் கிண்ணம் ஈட்டித்தந்தார். 1973இல், 44 வயதில், மாரடைப்பால் மறைந்தார். 1981 தொடக்கம் பருவந்தோறும் கூடிய கோல்களை உதைப்பவருக்கு வழங்கப்படும் பதக்கம் அவர் பெயரையே தாங்கியுள்ளது.